நலிந்த தேசிமரத்தை மீட்டல்

வீட்டு வளவில் நிற்கும் தேசிமரம் ஒன்று ஒரு குடும்பத்திற்கு ஆண்டின் பெரும்பகுதிக்கும் காய் தரவல்லது. கறிக்கும் ஊறுகாய்க்கும் மருந்துக்கும் எடுத்தது போக எஞ்சுவது சந்தைக்குச் செல்லும். இத்தகைய மரம் இலை மஞ்சளித்து, கொம்புகளின் நுனி காய்ந்து, பிஞ்சுகளை உதிர்க்கத் தொடங்கியதும் கமக்காரர் பலர் இரண்டில் ஒன்றைச் செய்கின்றனர். ஒருசாரார் பசளையையும் நீரையும் மிகுதியாக இடுகின்றனர். மற்றொருசாரார் இனிப் பயனில்லையெனத் தறித்து விறகாக்குகின்றனர். இவ்விரண்டும் பெரும்பாலும் தவறான செயல்களேயாம்.

விதையிலிருந்து முளைத்த தேசிக்கன்று காய்க்க 4 தொடக்கம் 6 ஆண்டுகள் செல்லும். ஒட்டுக்கன்றாயினும் பயன் காண ஏறக்குறைய 3 ஆண்டுகள் காத்திருத்தல் வேண்டும். நலிந்த மரமோ, வேரில் உயிர் இருக்குமாயின், ஒன்று அல்லது இரண்டு ஆண்டுகளில் மீண்டும் காய்க்கும். ஆதலின் தறிப்பதற்கு முன்னர் மரத்தின் நோய் யாது என ஆராய்தல் இலாபமானது.

இத்துண்டுப் பிரசுரம் வலியுறுத்தும் உண்மை ஒன்றே. நலிந்த மரத்திற்கு முதலில் வேண்டியது உணவன்று. அதன் வேருக்குக் காற்று.

ஓர் எடுத்துக்காட்டு

வலிகாமத்தில் வெங்காயமும் மிளகாயும் பயிரிடும் கமக்காரர் ஒருவரின் வளவை எடுத்துக்கொள்வோம். கிணற்றிலிருந்து தோட்டத்திற்குச் செல்லும் வாய்க்காலின் தலைப்பில் அவருடைய தேசிமரம் நிற்கிறது. வெங்காயத்திற்கு மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை இறைப்பு நடைபெறும். ஒவ்வோர் இறைப்பின்போதும் நீர் முதலில் தேசியின் அடியிலே தேங்கி, அதன் பின்னரே பாத்திகளுக்குச் செல்லும். துலாவினால் இறைத்த காலத்தில் அம்மரத்தடியில் சிறிதளவு நீரே நின்றது. நீரிறைக்கும் இயந்திரம் வந்தபின் அடி எந்நாளும் ஈரமாயிற்று. வாய்க்கால் துப்புரவு செய்யுந்தோறும் வாரி எடுத்த சேறு மரத்தின் அடியிலே குவிக்கப்பட்டமையால், தண்டின் ஒரு முழம் மண்ணுள் மறைந்தது.

மரம் மஞ்சளித்தபோது, வெங்காயத்திற்கு இட்டு மிஞ்சிய யூரியாவை அவர் அடியிலே கொட்டினார். இலைகள் மேலும் உதிர்ந்தன. நண்பகலில் இலை வாடுவதைக் கண்டு, நீர் போதாதென எண்ணிக் கூடுதலாக இறைத்தார். அயலவர் தறிக்கும்படி கூறினர். அது தம் மாமியார் நட்ட மரமாதலின் இல்லாள் அதற்கு இசையவில்லை. இவ்வாறான நிலையில் உள்ள மரங்களை வடமாகாணத்தின் பல வளவுகளிற் காணலாம். அம்மரம் பசியாலும் தாகத்தாலும் வாடவில்லை. மூச்சு முட்டி வாடுகிறது.

ஈரமண்ணில் மரம் வாடுவது ஏன்?

நீரில் நிற்கும் நெல் செழிக்கிறதே, தேசி ஏன் அழுகுகிறது எனக் கமக்காரர் கேட்பது இயல்பு. நெற்பயிரின் தண்டிலும் வேரிலும் நுண்ணிய காற்றறைகள் உள. இலைவழி உட்புகும் காற்று அவ்வறைகளினூடாக வேர்நுனி வரை இறங்கும். தேசியின் வேரில் அவ்வாறான வழி இல்லை. அது மண்துகள்களிடையே உள்ள காற்றையே நம்பி வாழ்வது. அவ்விடைவெளிகள் நீரால் நிரம்பினால் காற்று வெளியேறிவிடும். சில நாட்கள் அவ்வாறே இருப்பின், நீரையும் உணவையும் உறிஞ்சும் மெல்லிய சல்லிவேர்கள் இறக்கத் தொடங்கும்.

சல்லிவேர் இறந்தபின் மண்ணில் எவ்வளவு நீர் இருப்பினும் மரத்தால் அதனைப் பெறமுடியாது. எனவே இலை வாடும். உணவு ஏறாமையால் இலை மஞ்சளிக்கும். வேரின் அளவுக்கு மேற்பட்ட இலைகளைத் தாங்கமுடியாமையால் நுனிக்கொம்புகள் காயும். இவையாவும் வேரின் துன்பத்தை மேலிருந்து அறிவிக்கும் அடையாளங்கள். இந்நிலையில் இடும் யூரியா மண்ணீரின் உப்புத்தன்மையைக் கூட்டி, எஞ்சிய வேரையும் கருக்கும்.

மரத்தில் உயிர் உண்டா எனச் சோதித்தல்

முதலில் காய்ந்ததுபோல் தோன்றும் ஒரு சிறு கொம்பின் பட்டையை நகத்தாலோ கத்திமுனையாலோ சிறிது சுரண்டிப் பார்க்க. உள்ளே பச்சையும் ஈரமும் தோன்றின் அக்கொம்பு உயிருடன் உளது. கபிலநிறமாய் உலர்ந்திருப்பின் அது இறந்தது. இவ்வாறு நுனியிலிருந்து அடிநோக்கிச் சோதித்துவரின், உயிர் எவ்விடத்தில் தொடங்குகிறது என்பது புலப்படும்.

அடுத்து வேரைப் பார்த்தல் வேண்டும். தேசியின் சல்லிவேர்களிற் பெரும்பகுதி மேல்மண்ணின் ஒன்று அல்லது ஒன்றரை அடி ஆழத்துள்ளேயே பரந்திருக்கும். தண்டிலிருந்து மூன்றடி தள்ளி, ஓரிடத்தில் அரை அடி ஆழத்திற்கு மண்ணைச் சிறுகரண்டியால் மெல்ல அகழ்க. வெண்மையான அல்லது இளமஞ்சளான, உறுதியான சல்லிவேர்கள் காணப்படின் நன்று. வேர் கறுத்து, விரலால் இழுத்ததும் மேற்றோல் உறைபோலக் கழன்று உள்நார் மட்டும் நிற்குமாயின் அது அழுகிய வேர். மண்ணில் புளித்த நாற்றம் வீசினாலும் காற்றில்லை என்பதே பொருள். நான்கு பக்கமும் இவ்வாறு பார்த்து, ஒரு பக்கத்திலேனும் நல்வேர் காணப்படின் மரத்தை மீட்க முயலலாம்.

மூன்றாவதாகத் தண்டின் அடியை நோக்குக. மண்மட்டத்திற்கு அண்மையில் பட்டை வெடித்துப் பிசின் வடிகிறதா, பட்டையை அழுத்தும்போது மெதுமையாய் உள்ளதா, உள்ளே கபிலநிறம் உளதா எனப் பார்க்க. இவை அடியழுகல் நோயின் அறிகுறிகள். பைற்றொப்தொறா என்னும் நுண்ணங்கி இதற்குக் காரணம். அது ஈரமண்ணில் வாழ்ந்து நீரினால் பரவுவது. அடித்தண்டில் மண் குவிந்திருப்பதும் நீர் தேங்குவதும் அதற்கு வாயிலைத் திறந்து வைப்பது போன்றன.

இலை கூறும் செய்தி

எல்லா மஞ்சளிப்பும் ஒரே காரணத்தால் வருவதன்று. எந்த இலை, எவ்வாறு மஞ்சளிக்கிறது என நோக்கினால் குறையை ஓரளவு அறியலாம்.

முதிர்ந்த இலைகள் முழுவதும் ஒரே சீராக வெளிறின், நைதரசன் குறைபாடு அல்லது வேரழுகல் எனக் கொள்ளலாம்.

இளந்தளிர்களில் நரம்பு பச்சையாய் நிற்க, இடைப்பட்ட பகுதி மஞ்சளித்தல் இரும்புக் குறைபாட்டின் அடையாளம். யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணாம்புக்கல் நிலத்தில் இது பொதுவாகக் காணப்படும். மண்ணில் இரும்பு இருப்பினும் சுண்ணாம்பு அதனை வேர் எடுக்கமுடியாத நிலையில் வைத்துவிடும். மண் எந்நேரமும் ஈரமாயிருப்பின் இக்குறை மேலும் மிகும்.

இலை சிறுத்துக் கூராகி, கணுக்கள் நெருங்கி, நரம்பிடையே மஞ்சட் புள்ளிகள் தோன்றின் நாகம் குறைந்துள்ளது.

முதிர்ந்த இலையின் காம்புப்பக்கத்தில் ஆப்பு வடிவில் பச்சை எஞ்சி, ஏனைய பகுதி மஞ்சளித்தல் மகனீசியக் குறைபாடு.

இலைநுனியும் ஓரமும் கருகுதல் உவர்நீரால் நேர்வது. கோடையில் மிகுதியாக இறைக்கப்படும் கிணறுகளில் நீர் உவர்ப்பது கமக்காரர் அறிந்ததே.

சத்துக் குறைபாட்டால் வரும் மஞ்சளிப்பு நடுநரம்பின் இருபுறமும் ஒத்திருக்கும். இருபுறமும் ஒவ்வாது, ஒழுங்கற்ற திட்டுக்களாகத் தோன்றுமாயின் பசுமையாதல் நோய் எனப்படும் பற்றீரியா நோயை ஐயுறல் வேண்டும். அதனைப் பின்னர் நோக்குவோம்.

முதற் செயல்: அடியைத் திறத்தல்

மரத்தை மீட்கும் வேலையை மாரி ஓய்ந்த பின்னர், தை அல்லது மாசி மாதத்தில் தொடங்குதல் சிறந்தது. நோய் கடுமையாயின் காலம் பாராது அடியை உடனே திறத்தல் வேண்டும்.

தண்டைச் சுற்றிக் குவிந்த மண்ணையும் சேற்றையும் கையாலும் சிறுகரண்டியாலும் அகற்றுக. அலவாங்கும் மண்வெட்டியும் தண்டருகே கூடா. அவை பட்டையையும் வேரையும் காயப்படுத்தும். முதலாம் பெருவேர்கள் தண்டிலிருந்து பிரியும் இடம் வெளித்தெரியும் வரை மண்ணை எடுத்தல் போதும். அவ்விடம் எப்போதும் காற்றுப்பட உலர்ந்திருத்தல் வேண்டும். ஒட்டுமரமாயின் ஒட்டிய இடம் மண்மட்டத்திற்கு மேலே அரை அடியேனும் உயர்ந்திருத்தல் நன்று.

மண்ணை எடுத்த இடம் குழியாகி நீரை ஏந்தலாகாது. ஆதலின் தாழ்ந்த பக்கமாகச் சிறு வடிகால் ஒன்றை வெட்டி நீரை வெளியேற்றுக. வாய்க்கால் மரத்தினருகே செல்லுமாயின் அதனை ஐந்தாறு அடி தள்ளித் திருப்புக. கிணற்றடியில் குளிக்கும் நீரும் உடுப்புத் தோய்க்கும் சவர்க்கார நீரும் மரத்தடிக்கு வருமாயின் அவற்றையும் தடுத்தல் வேண்டும்.

கிளிநொச்சியில் இரணைமடுக் குளத்தின் கீழ் வயலோரமாக உள்ள வளவுகளில், வயலுக்கு நீர் பாயும் காலத்தில் நிலத்தடி நீரும் உயர்ந்துவிடும். அங்கு மரத்தைச் சுற்றிக் கிளைவிரிவுக்கு வெளியே ஒன்றரை அடி ஆழமான வடிகால் வெட்டுதல் பயன்தரும். இனி நடும் கன்றுகளை அத்தகைய நிலத்தில் ஒன்றரை அடி உயர்த்திய மேடையிலே நடுதல் வேண்டும்.

வேர்ப்பகுதி மண் இறுகியிருப்பின், மேலே இரண்டு அங்குலத்தை மட்டும் முள்ளினால் மெல்லக் கிளறுக. ஆழக் கொத்துதல் எஞ்சிய வேரை அறுப்பதாகும். முதல் ஆறு வாரங்களுக்கு எவ்வகைப் பசளையும் இடலாகாது.

பட்டைப் புண்ணுக்கு மருந்து

பிசின் வடியும் இடத்தில் அழுகிய பட்டையைக் கூரிய கத்தியாற் செதுக்கி, நலமான பச்சைப்பட்டை தெரியும் வரை அகற்றுக. செதுக்கிய துண்டுகளை மண்ணில் விடாது எரித்தல் வேண்டும். ஓரிரு நாட்கள் புண்ணை உலரவிட்டு, போடோப் பசையைத் தூரிகையால் பூசுக.

அப்பசையைச் செய்யும் முறை பின்வருமாறு. 100 கிராம் செப்புச் சல்பேற்றை, அஃதாவது மயில்துத்தத்தை, அரை லீற்றர் நீரிற் கரைக்க. வேறொரு பாத்திரத்தில் 100 கிராம் நீறாத சுண்ணாம்பைச் சிறிது சிறிதாக நீர் விட்டு நீற்றி, அரை லீற்றர் ஆக்குக. ஆறியபின் துத்தக் கரைசலைச் சுண்ணாம்பில் ஊற்றிக் கலக்குக. மட்பாத்திரமோ பிளாஸ்ரிக் பாத்திரமோ பயன்படுத்துக. இரும்பு, தகரம் ஆகியவற்றைத் துத்தம் அரிக்கும். துப்புரவான இரும்புக்கத்தியைக் கலவையில் சிறிது நேரம் அமிழ்த்திப் பார்க்க. அதில் செம்புநிறம் படிந்தால் சுண்ணாம்பு போதாது. இன்னும் சிறிது சேர்த்தல் வேண்டும். கலவையை அன்றே பயன்படுத்துக. துத்தமும் நீறாத சுண்ணாம்பும் கண்ணுக்கும் தோலுக்கும் தீங்கு செய்வன. கையுறை அணிந்து, சிறுவரையும் கால்நடைகளையும் தூர விலக்கிச் செய்தல் வேண்டும்.

புண் தண்டின் சுற்றளவில் பாதிக்குக் குறைவாயின் மரம் தேறும். தண்டை முற்றாகச் சுற்றிவிட்ட புண்ணுள்ள மரம் தேறாது.

கொம்புகளைக் கத்தரித்தல்

வேர் குறைந்த மரம் முன்போலப் பெருந்தலையைத் தாங்காது. இறந்த கொம்புகள் யாவற்றையும், உயிருள்ள பகுதியில் ஓர் அங்குலம் சேர்த்து வெட்டுக. உட்புறமாக நெருங்கியும் ஒன்றோடொன்று உராய்ந்தும் வளர்ந்தவற்றையும் நீக்குக. ஆயின் பச்சை இலையுள்ள கொம்புகளைப் பேராசையுடன் வெட்டலாகாது. இலையே மரத்தின் அடுக்களை. புதுவேர் உண்டாவதற்கு வேண்டிய உணவை எஞ்சிய இலைகளே ஆக்குகின்றன. ஒரே முறையில் தலையின் காற்பங்குக்கு மேல் அகற்றாதிருத்தல் நலம்.

ஒட்டிய இடத்திற்குக் கீழிருந்து எழும் தளிர்களைக் கிள்ளுக. அவை அடிமரத்தின் தளிர்கள்; வளர்ந்தால் நல்லினத்தை அடக்கிவிடும். குருவிச்சை தொற்றியிருப்பின் அதனை மட்டும் பிடுங்குதல் போதாது. அது பற்றிய இடத்திற்கு ஓரடி கீழே கொம்போடு வெட்டி எரித்தல் வேண்டும்.

அவ்வாண்டு தோன்றும் பூவையும் பிஞ்சையும் கிள்ளிவிடுக. இது கமக்காரருக்கு மனவருத்தம் தருவது. நலிந்த மரம் இறக்குமுன் மிகுதியாகப் பூப்பதும் உண்டு. அதனைச் செழிப்பென எண்ணி ஏமாறுதல் கூடாது. ஓராண்டுக் காயை இழப்பதால் பல்லாண்டுக் காயைப் பெறலாம். இலை உதிர்ந்து வெறுமையான கொம்புகள் சித்திரை வெயிலில் பட்டை வெடிக்கும். ஆதலின் தண்டுக்கும் பெருங்கொம்புகளுக்கும் நீற்றிய சுண்ணாம்பைக் கரைத்துப் பூசுதல் நன்று.

நீரும் மூடுபடையும்

நாளைக் கணக்கிட்டு நீர் விடாது, மண்ணைத் தொட்டுப் பார்த்து விடுதல் வேண்டும். மூன்று அங்குல ஆழத்தில் எடுத்த மண் கையிற் பிடித்தபோது உருண்டையாகாது உதிருமாயின் நீர் தேவை. உருண்டையாகி ஈரம் கையில் ஒட்டுமாயின் காத்திருக்க. விடும்போது கிளைவிரிவின் அடியெங்கும் நன்கு நனைய விடுக; தண்டில் நீர் படலாகாது. தண்டைச் சுற்றி இரண்டடி தூரத்தில் ஒரு சிறு வரம்பும், கிளைவிரிவின் ஓரத்தில் மற்றொரு வரம்பும் கட்டினால், இடையிலுள்ள பாத்தியில் மட்டும் நீர் நிற்கும், தண்டு உலர்ந்திருக்கும். மாரி தொடங்குமுன் வெளிவரம்பை வெட்டிவிடுதல் வேண்டும்.

அப்பாத்தியில் மூன்று அங்குலக் கனத்திற்குப் பூவரசங்குழை, கிளிரிசீடியாக் குழை, காய்ந்த புல், தும்புச்சோறு ஆகியவற்றில் கிடைப்பதைப் பரப்புக. புகையிலைக்குக் குழை தாழ்க்கும் வழக்கம் குடாநாட்டுக் கமக்காரருக்குப் பழக்கமானது. ஆயின் இங்கு குழையை மண்ணுள் தாழ்த்தலாகாது. மேலே பரப்புதலே முறை. அது மண்ணின் வெப்பத்தைத் தணித்து, ஈரத்தைக் காத்து, உக்கி எருவாகும். தண்டுக்கு அண்மையில் ஓரடி வெறுமையாய் விடுதல் வேண்டும்.

உணவளிக்கும் காலம்

அடியைத் திறந்து ஆறு தொடக்கம் பத்து வாரங்களில் புதுத்தளிர் தோன்றினால், கீழே புதுவேர் உண்டாகிவிட்டது என அறியலாம். அப்போதே உணவளித்தல் முறை. வளர்ந்த மரத்திற்கு நன்கு உக்கிய மாட்டெரு அல்லது கூட்டெரு 10 தொடக்கம் 15 கிலோவை மேற்குறித்த பாத்தியில் பரப்பி, மேல்மண்ணுடன் இலேசாகக் கலந்து குழையால் மூடுக. பச்சை எருவும் கோழியெருவும் இப்போது கூடா. அவை வேரைச் சுடும்.

தளிர் முதிர்ந்தபின் 50 கிராம் யூரியாவை ஈரமண்ணிற் பரவலாகத் தூவி நீர் விடலாம். ஏனைய பசளைகளை மரம் முற்றாகத் தேறியபின், அப்பகுதி விவசாயப் போதனாசிரியரின் சிபாரிசுப்படி, ஆண்டில் பல தவணைகளாகப் பிரித்து இடுதல் வேண்டும்.

நாகக் குறைபாட்டிற்கு 50 கிராம் நாகச் சல்பேற்றையும் 25 கிராம் நீற்றிய சுண்ணாம்பையும் 10 லீற்றர் நீரிற் கரைத்து வடித்து, இளந்தளிர் பாதி விரிந்த பருவத்தில் மாலைவேளையில் விசிறுக. இரும்புக் குறைபாட்டிற்கு அன்னபேதியை மண்ணில் இடுவதால் சுண்ணாம்பு நிலத்தில் நிலையான பயனில்லை; அதனைச் சுண்ணாம்பு விரைவிற் கட்டிவிடும். கூட்டெருவும் அளவான நீருமே முதல் மருந்து. அதற்கும் தேறாவிடின், சுண்ணாம்பு மண்ணுக்கு ஏற்ற இரும்புச் செலேற்றை அதன் உறையிற் கூறியபடி பயன்படுத்தலாம்.

தளிரைக் காத்தல்

தேறும் மரத்தின் முதற்றளிர் விலைமதிப்பற்றது. பறவையெச்சம் போலத் தோன்றும் எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் புழுக்கள் சில நாட்களில் அதனைத் தின்று தீர்க்கும். நாள்தோறும் காலையில் பார்த்துக் கையாற் பொறுக்கி அழித்தல் போதும். செதிற்பூச்சி, அழுக்கணவன் ஆகியன சாற்றை உறிஞ்சி இனிப்புநீரைக் கழிக்கும். அதில் கரும்பங்கசு படர்ந்து இலை கரிபூசியதுபோல் ஆகும். எறும்புகள் மரத்தில் வரிசையாக ஏறின் இப்பூச்சிகள் உண்டெனத் தேடுக. 10 லீற்றர் நீரில் 50 கிராம் சவர்க்காரத்தைக் கரைத்து இலையின் கீழ்ப்புறம் நனைய மாலையில் விசிறினால் அவை குறையும்.

இலையிலும் காயிலும் கொம்பிலும் மஞ்சள் வளையத்துடன் சொரசொரப்பான தக்கைப்புள்ளிகள் தோன்றுவது தேசிக்கு மிகவும் வரும் சொறிநோய். பற்றீரியாவினால் உண்டாகி, மழைத்துளியாலும் காற்றாலும் பரவுவது. பாதிக்கப்பட்ட கொம்புகளை மழையற்ற நாளில் வெட்டி எரிக்க. 100 கிராம் துத்தம், 100 கிராம் நீறாத சுண்ணாம்பு, 10 லீற்றர் நீர் கொண்ட நீர்த்த போடோக் கலவையைத் தளிர்ப்பருவத்தில் விசிறுக.

சாடியில் நிற்கும் மரம்

காணி குறைந்தோர் சீமெந்துச் சாடியில் தேசி வளர்ப்பதுண்டு. சாடிமரம் நெடுநாள் வாழாது எனச் சிலர் கூறுவர். யப்பானியர் ஆழமற்ற சாடியிலே பொன்சாய் என்னும் குறுமரங்களைத் தலைமுறை தலைமுறையாகப் பேணுகின்றனர். 1625 முதல் சாடியில் வளர்க்கப்பட்ட வெண்பைன் மரமொன்று 1945 இல் இரோசிமாவில் வீழ்ந்த அணுக்குண்டுக்கும் தப்பி, 1976 இல் அமெரிக்காவுக்கு அன்பளிப்பாக வழங்கப்பட்டது. அது வாசிங்டன் நகரில் பேணப்பட்டு வருகிறது. அத்தகைய மரங்கள் வாழ்வது மந்திரத்தாலன்று. குறித்த காலத்தில் வேரைப் பார்த்து, பழைய மண்ணை மாற்றுவதாலேயே.

சாடித் தேசி நலிந்தால் முதலில் அடித்துவாரம் அடைபட்டதா எனப் பார்க்க. விட்ட நீர் உடன் வெளியேறாவிடின் மரத்தைச் சாடியிலிருந்து மெல்ல எடுத்தல் வேண்டும். சாடியைச் சுற்றிச் சுருண்ட வேர்களையும் அழுகிய வேர்களையும் வெட்டுக. நல்வேரில் காற்பங்குக்கு மேல் வெட்டலாகாது. துவாரத்தின்மேல் ஓட்டுத்துண்டு வைத்து, செம்மண், கூட்டெரு, பருமணல் ஆகியவற்றைச் சமபங்காகக் கலந்து நிரப்புக. கடல்மணலும் சுண்ணாம்புக்கற் சல்லியும் கூடா. வெட்டிய வேருக்கு ஏற்பக் கொம்பையும் குறைத்து, மூன்று வாரங்கள் நிழலில் வைத்து, பின்னர் படிப்படியாக வெயிலுக்குக் கொணர்க. சாடியின் ஓரத்தில் வெண்படிவு காணப்படின் அது கிணற்றுநீரிலுள்ள உப்பும் சுண்ணாம்பும் ஆகும். மாரியில் மழைநீர் நன்கு ஊறி வழிய விட்டால் அது கழுவப்படும். இரண்டு அல்லது மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை மண்ணை மாற்றுக.

எந்த மரத்தைத் தறிக்க வேண்டும்?

எல்லா மரத்தையும் மீட்கமுடியாது. நாற்புறமும் நல்வேர் இல்லாத மரம், அடிப்புண் தண்டை முற்றாகச் சுற்றிய மரம் ஆகியவற்றை அகற்றுதலே தக்கது. வைரசினால் வரும் திரித்தேசா நோய்க்கும், பசுமையாதல் நோய்க்கும் மரத்தைக் குணமாக்கும் மருந்தில்லை. முன்னதை அழுக்கணவனும் பின்னதைச் சைலிட்டுப் பூச்சியும் அயல்மரங்களுக்குப் பரப்பும். நன்கு பேணியும் ஓராண்டில் தேறாது, கொம்பு கொம்பாகக் காய்ந்துவரும் மரத்தையும், இலையில் ஒவ்வாத் திட்டுக்கள் தோன்றும் மரத்தையும் விவசாயப் போதனாசிரியருக்குக் காட்டி, அவர் உறுதிசெய்யின் வேருடன் அகற்றுக. அத்தகைய மரத்திலிருந்து ஒட்டுக்கொம்போ பதியோ எடுத்து அயலவருக்குக் கொடுத்தல் நோயைக் கொடுப்பதாகும்.

முடிவு

முற்கூறிய வலிகாமத்துக் கமக்காரர் செய்யவேண்டியவை இவையே. தை மாதத்தில் வாய்க்காலைத் திருப்பி, அடிமண்ணை எடுத்து, புண்ணைச் செதுக்கிப் பசை பூசுதல். காய்ந்த கொம்புகளை நீக்குதல். யூரியாவை வெங்காயத்திற்கே விட்டு, மரத்திற்குக் குழையை மட்டும் பரப்புதல். மண்ணைத் தொட்டுப் பார்த்து நீர் விடுதல். பங்குனி, சித்திரையில் தளிர் கண்டபின் எரு இடுதல். முதலாண்டுப் பிஞ்சைக் கிள்ளுதல். ஐப்பசிக்கு முன்னர் வடிகாலைத் துப்புரவாக்குதல். இவற்றுக்குப் பெருஞ்செலவு இல்லை. சில நாள் உழைப்பும் ஓராண்டுப் பொறுமையுமே வேண்டும்.

தோட்டத்திற்கு நீர் இறைக்கும்போது வளவு மரத்தின் அடியையும் ஒருமுறை நோக்குக. அங்கு நீர் நிற்குமாயின், இலை மஞ்சளிக்குமுன் இன்றே அதனை வெட்டிவிடுக. வரப்போகும் நோயை வாய்க்காலிலே மறித்தல், வந்த நோயைக் கத்தியால் செதுக்குவதிலும் எளிது.